மேற்கு நாடுகளில் குடியேறும் முஸ்லிம்கள் வேலையிடத்தில் தொழுகை நேரம் கேட்பது நியாயமா? ஊரோடு ஒத்துப்போனால் என்ன?

நியாயம்தான் என்பேன். ஆனால் எந்தக் கோரிக்கையாக இருந்தாலும் அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்று பார்க்காமல் தலையாட்ட மாட்டேன்.

பிரான்ஸ், ஜெர்மனி தலைமுக்காடு வழக்குகளைப் பற்றி வேறு யாராவது எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது அமெரிக்க இறைச்சி ஆலைகள். மினசோட்டாவில் அப்படி ஓர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். பெல்ட்டில் ஓடிவரும் இறைச்சியை வெட்டுகிற லைனில் நிற்பவர்களில் பெரும்பாலோர் சோமாலியர்கள், அடுத்தபடியாக மெக்சிகோ, குவாத்தமாலாக்காரர்கள்.

இந்த வேலைக்குச் சோமாலியர்கள் எப்படி வந்தார்கள்? 2006 டிசம்பர் 12 அன்று ஸ்விஃப்ட் இறைச்சி நிறுவனத்தின் ஆறு ஆலைகளில் குடிவரவு அதிகாரிகள் ஒரே நேரத்தில் புகுந்து ஏறக்குறைய 1,300 பேரைக் கைது செய்தார்கள். பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கர்கள். (அன்று குவாதலூப்பே மாதா திருநாள். மெக்சிகோக்காரர்கள் இதை இன்னும் மறக்கவில்லை.) காலியான இடங்களை நிரப்ப, அகதிகளாக முறைப்படி வந்து வேலை அனுமதியும் வைத்திருந்த சோமாலியர்களைத் தேடிப்பிடித்து எடுத்தார்கள். ஆக, ஆலைதான் அவர்களை அழைத்தது. அவர்கள் ஐந்து வேளை தொழுகிறவர்கள் என்பது அழைத்தவர்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல.

2008 செப்டம்பரில் ரமலான் வந்தது. ஸ்விஃப்ட்டை அதற்குள் பிரேசிலின் ஜேபிஎஸ் வாங்கியிருந்தது. நெப்ராஸ்காவின் கிராண்ட் ஐலண்ட் ஆலையில் இரண்டாவது ஷிப்ட் சோமாலியர்கள், நோன்பு திறந்து தொழ வசதியாக, இரவுச் சாப்பாட்டு இடைவேளையைச் சூரியன் மறையும் நேரத்துக்கு மாற்றச் சொன்னார்கள். நிர்வாகம் முதலில் ஒப்புக்கொண்டது. உடனே மற்ற தொழிலாளர்கள் கிளம்பினார்கள்: எங்கள் கூலி குறைகிறது, அவர்களுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்று நூற்றுக்கணக்கில் வெளிநடப்பு. நிர்வாகம் பின்வாங்கியது. இப்போது சோமாலியர்கள் வெளியே வந்தார்கள், பல பேருக்கு வேலை போனது. அதே மாதம் கொலராடோவின் கிரீலி ஆலையிலும் இதே கதை. அங்கே சுமார் நூறு பேர்.

செய்திகளில் இது முஸ்லிம், கிறிஸ்தவர் மோதலாக வந்தது. லைனைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தொழுகை ஐந்து நிமிடம்தான். ஆனால் அதற்குப் போகிறவர் கத்தியை உறையில் போட்டு, இரும்பு வலைக் கையுறையைக் கழற்றி, ஏப்ரனைக் கழுவி மாட்டி, கழிவறைத் தொட்டியில் கைகால் கழுவி, தொழுது, திரும்ப எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, கையைச் சுத்திகரித்து லைனுக்கு வர கால் மணி நேரம் ஆகிவிடும். நோன்பு திறக்க லைனிலேயே ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொள்ளலாமே என்றால், உற்பத்தித் தளத்துக்குள் உணவுப்பண்டம் கூடவே கூடாது. அந்த விதியை அமல்படுத்துகிற ஆளே நான்தான். இதற்கிடையில் பெல்ட் நிற்காது. மூன்று பேர் நகர்ந்தால் மிச்சமிருப்பவர்கள் அந்த மூன்று பேர் பங்கையும் வெட்டியாக வேண்டும். அவர்களுக்கு ஏற்கெனவே மணிக்கட்டு வீங்கித்தான் இருக்கும். போதாததற்குக் கழிவறைத் தரை ஈரம் என்று தினமும் ஒரு புகார்.

கோபம் வராமல் எப்படி இருக்கும்? அந்தக் கோபம் லைனை ஆள் குறைவாக ஓட்டுகிற முதலாளி மீது போகாமல், தொழப் போனவர் மீது போனதுதான் முதலாளியின் அதிர்ஷ்டம்.

எங்கள் ஆலையிலும் இந்தச் சண்டை நடந்தது. பிறகு ரமலான் மாதத்துக்கு ஷிப்டுக்கு இரண்டு மாற்று ஆட்களைக் கம்பெனி செலவில் போட்டார்கள், கால் கழுவ உயரம் குறைந்த தொட்டி ஒன்றும் வைத்தார்கள். முணுமுணுப்பு முக்கால்வாசி அடங்கிவிட்டது. சோமாலியர் ரமலானுக்கு நிரப்புகிற அதே படிவத்தில்தான் மெக்சிகோக்காரர்கள் டிசம்பர் 12 மாதா திருநாளுக்கு விடுப்பு எழுதுகிறார்கள்.

‘ஊரோடு ஒத்துப்போக வேண்டும்’ என்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. வேலையிடத்தில் மத வழக்கத்துக்கு இடம் கேட்கிற இந்த உரிமை முஸ்லிம்களுக்காக வந்ததே அல்ல. அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தில் 1972-ல் இதைச் சேர்க்க வைத்தவர் செனட்டர் ஜென்னிங்ஸ் ராண்டால்ஃப். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்ளும் பாப்டிஸ்ட் பிரிவுக்காரர் அவர். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை பெரும்பான்மைக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்ட வசதி என்பதால் யாருக்கும் அது சலுகையாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதற்காக எதைக் கேட்டாலும் கொடு என்று சொல்லவில்லை. மினியாபொலிஸ் விமான நிலைய டாக்சி ஓட்டுநர்களில் பெரும்பகுதி அப்போது சோமாலியர்கள். அவர்களில் சிலர் மதுப்பாட்டில் வைத்திருந்த பயணிகளை ஏற்ற மறுத்தார்கள். 2007-ல் விமான நிலைய ஆணையம் முதல் முறைக்கு 30 நாள் தடை, இரண்டாம் முறைக்கு இரண்டு வருட உரிம ரத்து என்று விதி போட்டது. சரியான விதி என்றே நினைக்கிறேன். நள்ளிரவில் பெட்டியோடு நிற்கிற பயணி, ஓட்டுநரின் நம்பிக்கைக்கான செலவை ஏன் சுமக்க வேண்டும்? அதே வருடம் அதே ஊரில், பன்றி இறைச்சியை ஸ்கேன் செய்ய மறுத்த காசாளர்களை டார்கெட் கடை வேறு வேலைக்கு மாற்றியது. வாடிக்கையாளருக்குச் சிரமம் இல்லை, அவர்களுக்கும் வேலை போகவில்லை.

2008 சண்டைகள் நீதிமன்றத்துக்குப் போன கதையும் சுவாரசியமானது. நிறுவனம் ஒன்று, மாதம் ஒன்று, முடிவு இரண்டு. நெப்ராஸ்கா வழக்கில் 2013-ல் நிறுவனம் ஜெயித்தது. தொழுகைக்கு ஆள் விடுவது உற்பத்திக்கும் சக தொழிலாளர்களுக்கும் அளவுக்கு மீறிய சிரமம் என்றது நீதிமன்றம். கொலராடோ வழக்கு 2021-ல் 55 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது.

2023-ல் உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் விதியை இறுக்கியது. அதற்குக் காரணமான வழக்கும் ஒரு கிறிஸ்தவருடையதுதான்: ஞாயிற்றுக்கிழமை அமேசான் பார்சல் கொண்டுபோக மறுத்த பென்சில்வேனியா தபால்காரர். அற்பச் செலவைக் காட்டி இனி மறுக்க முடியாது, கணிசமான செலவு என்று முதலாளி நிரூபிக்க வேண்டும். சக ஊழியர்களுக்கு அந்த மதம் பிடிக்கவில்லை என்பதும் காரணமாகாது. நல்ல தீர்ப்பு. ஆனால் சக ஊழியர் மீது விழும் கூடுதல் சுமை, தொழிலையே பாதித்தால்தான் கணக்கில் வரும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. எனக்கு உறுத்துவது இதுதான். பக்கத்தில் நிற்பவரை இரண்டு மடங்கு வெட்டச் சொல்லிவிட்டு, சட்டப்படி நடந்துகொண்டேன் என்று ஆலை கைகழுவலாம். லைனுக்கு எத்தனை ஆள் என்பதை யூனியன் ஒப்பந்தத்தில் எழுதி வாங்காத இடங்களில் அடுத்த ரமலானுக்கும் இந்தச் சண்டை வரும்.