தகர டப்பாவும் சூயிங்கமும் – கடிதம்

வணக்கம் தம்பி,

வயதில் மூத்தவன் என்ற உரிமையில் அப்படிக் கூப்பிடுகிறேன். 1990-இல் மாஸ்கோவில் மெக்டொனால்ட்ஸ் திறந்த அன்று நின்ற வரிசையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துப்போனது. நான் சோவியத் புத்தகங்கள் படித்து வளர்ந்தவன். 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாளில்தான் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட்டோம். விண்வெளிக்கு முதல் மனிதனை அனுப்பிய மக்கள் ஒரு பன்னுக்காக வரிசையில் நின்றார்கள் என்றால் வெட்கமாக இருக்கிறது. ஜீன்ஸுக்கும் சூயிங்கத்துக்கும் நாட்டையே விற்றுவிட்டார்கள் என்றுதானே சொல்ல வேண்டும்?

க., திருவாரூர்

அன்புள்ள ஐயா,

தம்பி என்றே கூப்பிடுங்கள், சந்தோஷம். ஆனால் 'விற்றுவிட்டார்கள்' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் அந்த வரிசை. 1990 ஜனவரி 31 அன்று புஷ்கின் சதுக்கத்துக் கடைக்கு 30,000 பேருக்கு மேல் வந்தார்கள். வரிசை அவர்களுக்குப் புதிதல்ல. இறைச்சிக்கும் செருப்புக்கும் நின்று பழகியவர்கள். அந்தக் கடை ரூபிளை வாங்கிக்கொண்டது, அதுதான் புதிது. வெளிநாட்டுச் சரக்கு விற்ற 'பெரியோஸ்கா' கடைகளில் சாதாரண ரூபிள் செல்லாது. சொந்த ஊரில், சொந்தச் சம்பளக் காசு செல்லாத கடையைக் கடந்து நடந்து பழகியவர், தன் காசை நீட்டி அமெரிக்கச் சாப்பாடு வாங்கிய நாள் அது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அமெரிக்கச் சாப்பாடு அங்கே பளபளப்பான பெட்டியில் வந்து அறிமுகமானதும் இல்லை. 1921-இல் வோல்கா பகுதியைப் பஞ்சம் வாட்டியது. மறு ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க நிவாரண அமைப்பு தினமும் ஒரு கோடிப் பேருக்கு மேல் உணவளித்துக்கொண்டிருந்தது. அடுத்தது இரண்டாம் உலகப் போர்க்காலம். நேச நாடுகளுக்கு அமெரிக்கா அனுப்பிய 'லெண்ட்-லீஸ்' என்ற போர்க்கால உதவியில் பன்றி இறைச்சி டப்பாக்கள் வந்தன. 'துஷோன்கா' என்ற ரஷ்யப் பக்குவத்திலேயே அமெரிக்க ஆலைகள் செய்து அனுப்பியவை. செம்படைச் சிப்பாய்கள் அந்த டப்பாவுக்கு 'இரண்டாவது போர்முனை' என்று பெயர் வைத்தார்கள். மேற்கே இன்னொரு போர்முனையைத் திறக்கும்படி ஸ்டாலின் 1941 முதல் கேட்டுக்கொண்டே இருந்தார். பிரான்சில் அது திறந்தது 1944 ஜூனில். அதுவரை சிப்பாய்கள் திறந்தது டப்பாவைத்தான். வயிறு நிறைந்ததற்கு நன்றியும், நாங்கள் சாகும்போது ஆளை அனுப்பாமல் இறைச்சியை அனுப்பினார்களே என்ற ஆற்றாமையும் அந்த ஒரே பெயரில் இருந்தன. இவர்களைப் போய் மயங்கியவர்கள் என்று எப்படிச் சொல்வது?

அப்புறம், ஆசை காட்டியது யார்? 1936-இல் உணவுத் துறைக் கமிசார் (அமைச்சர் போன்ற பதவி) அனஸ்தாஸ் மிக்கோயான் அமெரிக்கா போய்ச் சுற்றிப் பார்த்து, ஐஸ்கிரீம் தொழிலையும் ஹாம்பர்கர் யோசனையையும் கொண்டுவந்தார். (பன் நின்றுபோய், உள்ளே வைக்கும் கறி மட்டும் 'மிக்கோயான் கட்லெட்' என்று நிலைத்தது.) 1957-இல் சோவியத் தலைவர் குருஷ்சேவ், இறைச்சியிலும் பாலிலும் அமெரிக்காவை எட்டிப் பிடிப்போம் என்றார். அமெரிக்காவோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னதே அரசுதான். ஐந்தே ஆண்டுகளில் இறைச்சி விலை சுமார் 30 சதவீதம் ஏறியது. தெற்கு ரஷ்யாவின் நோவோசெர்காஸ்க் நகரில் அதை எதிர்த்து ஊர்வலம் போன தொழிலாளர்களைச் சுட்டார்கள்.

சரி, சூயிங்கத்துக்கு வருகிறேன். மாஸ்கோவில் சோகோல்னிகி என்று ஒரு பகுதி. 1959 கோடையில் அங்குள்ள பூங்காவில் ஆறு வாரம் அமெரிக்கக் கண்காட்சி நடந்தது. 25 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். பெப்சியைக் குடித்துவிட்டு, ரஷ்ய மொழி பேசிய அமெரிக்க வழிகாட்டிகளைச் சூழ்ந்துகொண்டு, சம்பளம் எவ்வளவு, இது என்ன விலை என்று துருவித் துருவிக் கேட்டார்கள். பார்வையாளர் குறிப்பேட்டில் பாராட்டு இருந்தது. இயந்திரங்களைக் காட்டாமல் வீட்டுச் சாமான்களைக் காட்டுகிறீர்களே என்ற ஏமாற்றமும் இருந்தது.

அதே சோகோல்னிகியின் விளையாட்டரங்கில் 1975 மார்ச் 10 அன்று கனடாவிலிருந்து வந்த இளையோர் அணியோடு ஐஸ் ஹாக்கி ஆட்டம். அந்த அணிக்கு ஆதரவு கொடுத்தது அமெரிக்க சூயிங்கம் நிறுவனமான ரிக்லி. சோவியத் பிள்ளைகளுக்குக் கடையில் சூயிங்கம் கிடைக்காத காலம். சாலை போடும் இடத்தில் கிடக்கும் தாரைப் பிட்டு வாயில் போட்டு மென்றவர்கள் உண்டு. எப்படியோ ஒன்று கிடைத்துவிட்டால் ஒருவர் மென்றதை வாங்கி அடுத்தவர் மெல்வார். சுற்றியிருந்த காகிதத்தை முகர்ந்து பார்த்துப் புத்தகத்துக்குள் பத்திரப்படுத்துவார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கனடா வீரர்களின் பேருந்து நிற்கும் பக்கத்து வாசலுக்கு, சூயிங்கம் கிடைக்கும் என்று பிள்ளைகள் ஓடினார்கள். விளக்குகள் அணைக்கப்பட்டன. கீழே கதவு பூட்டியிருந்தது. இருட்டில், படிக்கட்டில், முன்னால் போனவர்கள் விழ, பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. 21 பேர் இறந்தார்கள். அவர்களில் 13 பேருக்கு 16 வயதுகூட நிரம்பவில்லை. சோவியத் பத்திரிகைகள் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் சோவியத் ஆலைகள் பரவலாக சூயிங்கம் செய்ய ஆரம்பித்தன. ஆரஞ்சு, புதினா, காப்பி வாசனைகளில் கூட வந்தது.

சூயிங்கத்துக்கு நாட்டை விற்றவர்கள் என்று சொன்னால் அந்தப் படிக்கட்டில் விழுந்த பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம், ஐயா. எனக்கு மனம் வரவில்லை.