கட்டுடைப்பு விமர்சனம் என்றால் படைப்பை உடைத்துப் போடுவதுதானே? இலக்கியத்துக்கு அதனால் என்ன லாபம்?

நீங்கள் ஆங்கில இலக்கியம் படிப்பவர், வகுப்பில் யாரோ இப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இதே கேள்விக்கு முன்னால் நான் வாயடைத்து நின்றிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் எம்.ஃபில். ஆய்வேடு, கட்டுடைப்பு வாசிப்பைத் தொடங்கிவைத்த பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் தெரிதா 1968இல் எழுதிய 'பிளேட்டோவின் மருந்தகம்' என்ற கட்டுரை பற்றியது. பிளேட்டோவின் 'ஃபீட்ரஸ்' உரையாடலில் ஒரு கதை வரும். தியூத் என்ற எகிப்தியத் தெய்வம் எழுத்தைக் கண்டுபிடித்து மன்னன் தாமுஸிடம் கொண்டுவருகிறது; நினைவாற்றலுக்கு இது 'ஃபார்மகான்' என்கிறது. மறதியைத்தான் வளர்க்கும் என்று மன்னன் மறுக்கிறான். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு மருந்து என்றும் பொருள், விஷம் என்றும் பொருள். மொழிபெயர்ப்பாளர்கள் இடம் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ள, மூலத்தில் இருந்த இழுபறி காணாமல் போனது என்று தெரிதா காட்டினார். இன்னொன்றும் உண்டு. எழுத்தைவிடப் பேச்சே உயர்ந்தது என்று சொல்லவந்த சாக்ரடீஸ், நல்ல பேச்சை 'ஆன்மாவில் எழுதப்பட்டது' என்கிறார். தாழ்த்திய எழுத்தையே உவமைக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது!

முதலில் எனக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. ஒருநாள் விடுதியிலிருந்து போன் செய்தபோது, "நாளைக்கு நெல்லுக்கு மருந்து அடிக்கணும், அப்புறம் பேசுறேன்" என்றார் அப்பா. பயிருக்கு மருந்து, பூச்சிக்கு விஷம். 'அவனுக்கு மருந்து வச்சுட்டாங்க' என்று ஊரில் சொல்வதும் ஞாபகம் வந்தது. அன்று ராத்திரியே ஒரு அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. "எப்படி வேண்டுமானாலும் அர்த்தம் சொல்லலாம் என்றால், உன் ஆய்வேட்டை ஃபெயில் என்று நான் படிக்கலாமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இன்று கேட்டால் சொல்வேன்: முடியாது ஐயா, எந்த வரியை வைத்து அப்படிப் படிக்கிறீர்கள் என்று காட்ட வேண்டும். தெரிதா பிளேட்டோவின் வரியில் விரல் வைத்துத்தான் பேசினார்.

உடனே என்னைத் தெரிதா பக்தன் என்று சண்டைக்கு வராதீர்கள். அவர் நடை கடினம்தான். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இந்த வாசிப்பை வளர்த்த பால் டி மான், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மானியர் பிடியிலிருந்த பெல்ஜிய நாளிதழில் எழுதியவை 1987இல் வெளியே தெரிந்தன. யூத வெறுப்புக் கட்டுரையும் அதில் உண்டு. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஆண் - பெண், நாகரிகன் - காட்டுமிராண்டி என்ற ஜோடிகளில் ஒன்று எப்படி மேலே போய் உட்கார்ந்தது என்று படைப்புக்குள்ளேயே தேட, பெண்ணிய விமர்சனமும், காலனியாட்சி விட்டுப்போன பார்வைகளைக் கேள்வி கேட்கும் பின்காலனிய விமர்சனமும் இங்கிருந்து நிறைய எடுத்துக்கொண்டன. தெரிதாவின் 'ஆஃப் கிராமட்டாலஜி' நூலை 1976இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த பின்காலனிய, பெண்ணிய விமர்சகர் காயத்ரி ஸ்பிவாக்கே அதற்குச் சாட்சி. தமிழில் சிலர் 'கட்டவிழ்ப்பு' என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். எதையும் உடைப்பதாகத் தோன்றாது.

இன்னொரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 'பிளேட்டோவின் மருந்தகம்' இருக்கும் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு எங்கள் துறையில் ஒரே ஒரு பிரதி. அதுவும் பீரோவில் பூட்டிக் கிடந்தது. சாவிக்காரர் மூன்று வாரம் விடுப்பு. பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறிப் போய் ஜெராக்ஸ் எடுத்தேன். படிக்கிற பிள்ளைகளிடமிருந்து புத்தகத்தைக் காப்பாற்றி யாருக்குக் கொடுக்கப் போகிறார்கள்? உங்கள் துறை பீரோவிலும் இருக்கும், கேட்டுப் பாருங்கள். முதலில் 'ஃபீட்ரஸ்' கடைசிப் பகுதி, அப்புறம் தெரிதா.