கற்பூரம் காற்றில் போகிறது, வைரம் ஏன் போவதில்லை?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிப் பிணைப்பு, அலோகங்கள் தங்களுக்குள் சேர்ந்தால் சகப்பிணைப்பு என்று மனப்பாடம் செய்திருக்கிறாள். சகப்பிணைப்புச் சேர்மங்களுக்கு உருகுநிலை குறைவு என்றும் படித்தாள். அப்படியானால் சகப்பிணைப்பு பலமில்லாததா, வைரம் மட்டும் ஏன் அவ்வளவு கெட்டி என்று கேட்கிறாள். நான் காமர்ஸ் படித்தவள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். எலக்ட்ரானைக் கொடுத்தோ வாங்கியோ மின்சுமை பெற்றவை அயனிகள், அவை ஒன்றையொன்று ஈர்த்து நிற்பது அயனிப் பிணைப்பு. அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்குபோட்டுக்கொள்வது சகப்பிணைப்பு. பதிலைப் பூஜை அறையிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு கற்பூர வில்லையைத் திறந்த தட்டில் வைத்துவிடுங்கள். நாளாக ஆகச் சிறுத்துக்கொண்டே போகும். ஆனால் அறையில் வீசுவது அதே கற்பூர வாசனைதானே? கற்பூர மூலக்கூறில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். இந்த 27 அணுக்களும் சகப்பிணைப்பால் கட்டியது கட்டியபடியே மூக்குக்கு வந்து சேர்கின்றன. உள்ளே ஒரு பிணைப்புகூட அறவில்லை. அறுந்தது ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் இடையே இருந்த லேசான ஈர்ப்பு மட்டும்தான். உருகுநிலை குறைவு என்று புத்தகம் சொல்வது இந்த ஈர்ப்பின் பலவீனத்தை. சகப்பிணைப்பின் பலவீனத்தை அல்ல.

வைரத்தில் தனித்தனி மூலக்கூறு கிடையாது. ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பன்களோடு பிணைந்து, முழுக் கல்லும் ஒரே வலையாக நிற்கிறது. அதைக் குலைக்க சகப்பிணைப்பையே அறுத்தாக வேண்டும். மணலும் அப்படித்தான். அதை உருக்க சுமார் 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும்.

சாப்பாட்டு உப்பிலும் மூலக்கூறு கிடையாது. சோடியமும் குளோரினும் ஜோடி ஜோடியாக நிற்பதுபோல் நோட்டில் வரைவதால் வந்த குழப்பம் இது. உண்மையில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் 6 குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கும். ஒவ்வொரு குளோரைடையும் 6 சோடியம் சூழ்ந்திருக்கும். இந்த அடுக்கைக் குலைத்து உருக்க 801 டிகிரி வேண்டும். வாணலியில் எவ்வளவு வறுத்தாலும் உப்பு பொரியுமே தவிர உருகாது.

'சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்க ஆசைப்படுகிறது' என்ற கதையும் எனக்குப் பிடிப்பதில்லை. நீங்கள் காமர்ஸ் என்பதால் வரவு செலவாகவே பார்க்கலாம். வாயு நிலையில் ஒரு மோல் (அணுக்களை எண்ணும் ஒரு பெரிய அளவு, டஜன் மாதிரி) சோடியம் அணுக்களிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்க 496 கிலோஜூல் செலவு. அதைக் குளோரின் வாங்கிக்கொள்வதில் வரவு 349 தான். 147 நஷ்டம்! பிறகு ஏன் உப்பு உண்டாகிறது? எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் நெருங்கிப் படிகமாக அடுக்கும்போது 787 கிலோஜூல் வெளிவருகிறது. லாபம் அங்கேதான்.

சரி, உலோகம்–அலோகம் விதி? ஒன்பதாம் வகுப்புக்குப் போதும், ஆனால் ஓட்டை உண்டு. அலுமினியம் உலோகம், குளோரின் அலோகம். நீரற்ற அலுமினியம் குளோரைடோ சுமார் 180 டிகிரியிலேயே பதங்கமாகிவிடும், அதாவது உருகாமலே ஆவியாகிவிடும். மூன்று நேர்மின்சுமை கொண்ட சின்ன அலுமினியம், குளோரினின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அந்தப் பிணைப்பில் சகப்பிணைப்புத் தன்மைதான் தூக்கலாக இருக்கும்.

இதற்கு நேர்மாறு நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது தூவுவார்களே, வெள்ளைப் புகை கிளம்புமே, அதுதான் அம்மோனியம் குளோரைடு. அதில் உலோகமே இல்லை. இருந்தும் அது அயனிச் சேர்மம். அம்மோனியம் அயனிக்குள் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் கட்டியிருப்பது சகப்பிணைப்பு. அந்த அயனியையும் குளோரைடையும் சேர்த்து வைப்பது அயனிப் பிணைப்பு. ஒரே பொருளில் இரண்டும் உண்டு.

வீட்டில் செய்து காட்ட ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு சிறிய எல்.ஈ.டி, 470 ஓம் மின்தடை, இரண்டு பென்சில் கரிக்கம்பிகள் போதும். காய்ச்சி வடித்த தண்ணீரில் (டிஸ்டில்டு வாட்டர்) சர்க்கரையைக் கரைத்தால் விளக்கு எரியாது. உப்பைக் கரைத்தால் எரியும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலிருக்கும் உப்புகளே விளக்கை மினுக்கிவிடும். அப்புறம் உலர்ந்த உப்பிலும் கம்பிகளைக் குத்திப் பாருங்கள். எரியாது, ஏனென்றால் அயனிகள் இருந்தும் நகர வழியில்லை. உப்புக் கரைசலில் கொஞ்சம் குளோரின் வாயு வரலாம், அதனால் ஜன்னல் ஓரமாகச் சில நொடிகள் மட்டும் செய்யுங்கள். வீட்டு மின் இணைப்பைத் தொடவே கூடாது.

தேர்வில் உப்புக்குப் புள்ளிப் படம் கேட்டால் பொது எலக்ட்ரான் ஜோடி வரையக் கூடாது. இரண்டு அயனிகளையும் தனித்தனி அடைப்புக்குறிக்குள் போட்டு, மேலே மின்சுமையைக் குறிக்க வேண்டும். உருகுநிலைக் கேள்விக்குப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதட்டும், முன்னால் 'பொதுவாக' என்று ஒரு வார்த்தை மட்டும் சேர்த்து.