படத்தைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: பழைய பெட்டியில் ஜப்பானிய கபுகி நாடக நடிகர் படம் ஒன்று கிடைத்தது. முறைத்த கண், கோணிய வாய், ஓரத்தில் சின்ன வட்ட முத்திரை. மரக்கட்டை அச்சா, வெறும் நகலா?
- வாசகி, திருவான்மியூர்

பதில்: முதலில் முதுகைப் பாருங்கள். மரக்கட்டை அச்சில், ஈரப்படுத்திய கோசோ நார்த்தாளைச் சாயம் பூசிய கட்டைமேல் வைத்து, மூங்கில் மடல் சுற்றிய ‘பாரென்’ என்ற வட்டத் தேய்ப்பானால் பின்பக்கம் அழுத்தித் தேய்ப்பார்கள். அதனால் சாயம் தாளுக்குள் இறங்கி முதுகில் கசிந்திருக்கும். தேய்த்த வளையத் தடமும் தெரியலாம். பின்பக்கம் வெள்ளை வெளேரென்றிருந்தால் சந்தேகம்தான். அடுத்து பத்து மடங்கு லென்ஸ். நிறம் புள்ளி புள்ளியாகப் பிரிந்தால் ஆஃப்செட் எந்திர அச்சு, பேச்சே இல்லை.

நிறத்துக்கொரு கட்டை. ஒவ்வொன்றிலும் ‘கென்தோ’ என்ற இரண்டு வெட்டுகள், ஒன்று எல் வடிவம், மற்றது நேர்கோடு. தாளை அதில் முட்டவைத்துத்தான் அடுத்த நிறம் ஏற்றுவார்கள். இடையில் தாள் காய்ந்து சுருங்கினால் நிறம் கோட்டைத் தாண்டிவிடும். இந்த விலகலை மட்டும் நம்பி ‘அசல்’ என்று சொல்லிவிடாதீர்கள். ஆஃப்செட் நகலில் அதுவும் அப்படியே பதிந்திருக்கும்.

வட்டத்துக்குள் ‘கிவாமே’ என்ற ஒற்றை எழுத்து இருந்தால் அது தணிக்கை முத்திரை, 1790-களிலிருந்து 1842 வரை புழங்கியது. ஆனால் அதுவும் கட்டையில் செதுக்கியதே. பின்னாளில் புதுக்கட்டை வெட்டியவர்கள் முத்திரையையும் சேர்த்தே வெட்டினார்கள். 1794-95இல் சுமார் பத்தே மாதம் படம் வரைந்த ஷராக்கு என்ற ஓவியருக்கு இப்படி மறுபதிப்புகள் ஏராளம். மரக்கட்டை அச்சு என்பதாலேயே பழசு ஆகிவிடாது.

நடிகர் யார் என்பதற்கு உடையிலுள்ள குடும்பச் சின்னத்தைத் தேடுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரம் என்றால் இச்சிகாவா தான்ஜூரோ வம்சம்.

கேள்வி: சட்டம் போட்ட கபுகி படத்தில் ஐப்பசி மழைக்குப் பூஞ்சைப் புள்ளி. ஈரத்துணியால் துடைக்கலாமா?
- வாசகர், பெசன்ட் நகர்

பதில்: கூடவே கூடாது. தண்ணீரும் அரிசிப் பசையும் கலந்த சாயம். ஈரம் பட்டால் கலைந்து ஓடும். சட்டத்திலிருந்து எடுத்து, ஏசி அறையில் உலரவிட்டு, மென்மையான உலர்ந்த தூரிகையால் வெளியில் வைத்துத் தட்டுங்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல், காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தாள் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஈரம் அங்கேயே தங்கிவிடும். நடுவே 3-4 மி.மீ. இடைவெளி வரும்படி அமிலமற்ற மவுண்ட் போர்டு கேளுங்கள். பின்னால் பிளைவுட் வேண்டாம், தாள் பழுப்பேறும். செல்லோடேப், ஃபெவிகால் இரண்டுமே ஆகாது. மேல் மூலைகள் இரண்டில் மட்டும் ஜப்பானியத் தாள் துண்டைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டித் தொங்கவிடுங்கள். நான்கு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் தாள் விரிய இடமில்லாமல் அலையலையாக எழும்பும்.