தவிர்க்க முடியாத காரணங்கள்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் வேலை செய்கிறேன். போன மாதம் எங்கள் செயலி இரண்டு நாள் முடங்கிவிட்டது. சரியாகச் சோதிக்காமல் புது வடிவத்தை ஏற்றியதுதான் காரணம். அதை அப்படியே சொல்லி, மன்னிப்பும் கேட்டு ஓர் அறிவிப்பு எழுதினேன். மேலாளர் அதை அடித்துவிட்டு, 'தவிர்க்க முடியாத காரணங்களால் ஏற்பட்ட தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று ஒரே வரியாக்கிவிட்டார். 'தவறு' என்று எழுதினால் வழக்கு வருமாம். பூசி மெழுகுவதுதான் இந்த வேலையா? அண்மையில் யாராவது இதை ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா?

வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மேலாளரின் வரியைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். தூர்தர்ஷனில் படம் பாதியில் நின்றால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று வரும். வருந்துவதற்கு நாம் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தெருவில் இழவு விழுந்தாலும் வருந்துவோம். மன்னிப்பு கேட்பதற்குத்தான் 'நான் செய்தேன்' என்று முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் அறிவிப்பிலிருந்து அடிக்கப்பட்டது அதுதான்.

நீங்கள் கேட்டதற்கு உங்கள் கதையையே பெரிதாக்கியது போன்ற ஒன்று இருக்கிறது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு கோப்பில் பிழை. 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அதற்குள் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுவிட்டன. இங்கே விமானப் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள், நினைவிருக்கும். பல இடங்களில் ஒவ்வொரு கணினியின் முன்னாலும் ஓர் ஆள் உட்கார்ந்துதான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அன்று தலைமை நிர்வாகி ஜார்ஜ் கர்ட்ஸ் எக்ஸ் தளத்தில் போட்ட முதல் பதிவில், இது இணையத் தாக்குதல் இல்லை, பிழை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, திருத்தம் அனுப்பப்பட்டுவிட்டது என்று எல்லாம் இருந்தது. மன்னிப்பு மட்டும் இல்லை. சில மணி நேரம் கழித்துத் தொலைக்காட்சியில்தான் அது வந்தது. சில நாளில், வாடிக்கையாளர்களுக்கு உதவிய கூட்டாளிகளுக்கு நன்றியாக ஊபர் ஈட்ஸில் பயன்படுத்தும் 10 டாலர் உணவுக் கூப்பன் அனுப்பினார்கள். இரவு பகலாக உழைத்தவர்களுக்கு ஒரு காபிக் காசு! ஏராளமானோர் ஒரே நேரத்தில் பயன்படுத்தியதால் ஊபர் அதை மோசடி என்று சந்தேகித்து நிறுத்திவிட, சிலருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

ஆனால் அதே நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர் ஷான் ஹென்றி, லிங்க்ட்இன்னில் வேறு மாதிரி எழுதினார். வெள்ளிக்கிழமை உங்களைக் கைவிட்டுவிட்டோம், அதற்காக ஆழ்ந்த மன்னிப்பு கேட்கிறேன் என்றார். சொட்டுச் சொட்டாகச் சேர்த்த நம்பிக்கை சில மணி நேரத்தில் வாளி வாளியாகப் போய்விட்டது என்றார். இந்த வரியை எந்த ஆலோசகரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார் என்றே நான் நம்புகிறேன். அப்புறம் ஆகஸ்டில், எங்கே பிசகியது என்று விரிவான அறிக்கை வந்தது: மென்பொருள் 20 உள்ளீடுகளை எதிர்பார்த்த இடத்தில் 21 இருந்தன. அதே மாதம் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில் 'மாபெரும் சொதப்பல்' விருதை இவர்களுக்குக் கொடுத்தார்கள். இது போன்ற விருதை வாங்க யார் போவார்கள்? நிறுவனத் தலைவர் மைக்கேல் சென்டோனாஸ் மேடையேறி வாங்கினார். படுமோசமாகத் தவறு செய்துவிட்டோம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். ஊழியர்கள் தினமும் பார்க்கும்படி கோப்பையைத் தலைமையகத்தில் வைப்பதாகவும் சொன்னார். கைதட்டினார்கள்.

மேலாளரின் பயத்தை நான் ஒதுக்கவில்லை. அந்த முடக்கத்தால் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்த டெல்டா விமான நிறுவனம் 50 கோடி டாலர் நஷ்டம் என்று வழக்குப் போட்டது. ஒப்பந்தப்படி எங்கள் பொறுப்புக்கு வரம்பு உண்டு என்று கிரவுட்ஸ்டிரைக்கின் வக்கீல்களும் கடுமையாகத்தான் பதில் எழுதினார்கள். ஆனால் அத்தனை விமானம் நின்றுபோன பிறகு, மன்னிப்பே கேட்காமல் இருந்திருந்தாலும் அந்த வழக்கு வந்திருக்கும்.

மாறாக, வார்த்தையை மழுப்பியதால் தீ பரவிய கதை ஒன்று உண்டு. 2017 ஏப்ரல் 9, சிகாகோ விமான நிலையம். தங்கள் ஊழியர்கள் நால்வருக்கு இடம் வேண்டும் என்று, ஏறி உட்கார்ந்துவிட்ட பயணி ஒருவரை அமெரிக்காவின் யுனைடெட் நிறுவன விமானத்திலிருந்து தரையோடு இழுத்துப் போனார்கள். முகத்தில் ரத்தம். உலகமே அந்தக் காணொளியைப் பார்த்தது. மறுநாள் தலைமை நிர்வாகி ஆஸ்கர் முனோஸ், பயணிகளை 'மறு ஏற்பாடு' செய்ய வேண்டியிருந்ததற்காக மன்னிப்பு கேட்டார். ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில் அந்தப் பயணியையே முரண்டு பிடித்தவர் என்றார். அதற்கு அடுத்த நாள்தான், யாரையும் இப்படி நடத்தக் கூடாது, முழுப் பொறுப்பும் எங்களுடையது என்று சரியான வார்த்தைகள் வந்தன. முந்தைய மாதம்தான் பிஆர்வீக் என்ற மக்கள் தொடர்பு இதழ் அவரை ஆண்டின் சிறந்த தொடர்பாளராகத் தேர்ந்தெடுத்திருந்தது. அவருக்குப் பேசத் தெரியாமல் போகவில்லை. அடிபட்டவரை விட்டுவிட்டு, தன் ஆட்களைப் பார்த்து முதலில் பேசினார். ஏப்ரல் கடைசியில், இடம் விட்டுக்கொடுப்பவருக்கு 10,000 டாலர் வரை தருவோம், உட்கார்ந்தவரை அவர் விருப்பமில்லாமல் எழுப்ப மாட்டோம் என்று விதிகளை மாற்றியபோதுதான் அந்த மன்னிப்புக்கு உயிர் வந்தது.

பூசி மெழுகுவது இந்த வேலை இல்லை. நீங்கள் முதலில் எழுதினீர்களே, அதுதான் வேலை. அதை அழித்துவிடாதீர்கள். 'தவறு' என்ற சொல்தான் உறுத்துகிறது என்றால், அடுத்த முறை அந்த ஒரு சொல்லை வேண்டுமானால் விட்டுக்கொடுங்கள். 'சரியாகச் சோதிக்காமல் ஏற்றினோம், இனி இப்படிச் சோதித்த பிறகே ஏற்றுவோம்' என்ற வாக்கியத்தை மட்டும் விடாதீர்கள். முதலில் உங்கள் சோதனைப் பிரிவிடம் போய், அந்த 'இப்படி' என்பது என்ன என்று கேட்டு வாங்குங்கள். அவர்களிடம் பதில் இல்லையென்றால், மேலாளரிடம் பேச வேண்டிய விஷயம் அறிவிப்பு இல்லை, அதுதான்.

அன்புடன்.