ஆமையின் காலிடுக்கில் உண்ணி: நாய் மருந்தைப் போடலாமா?

கேள்வி: நாங்கள் வளர்க்கும் நில ஆமையின் பின்னங்கால் இடுக்கில் ஆமணக்கு விதை போல ஒன்று ஒட்டியிருக்கிறது. உண்ணி என்கிறார்கள். ஆபத்தா? நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் போடலாமா?

பதில்: ஆமணக்கு விதை என்றது பொருத்தம்தான். அந்தச் செடியின் அறிவியல் பெயரில் உள்ள 'ரிசினஸ்' லத்தீனில் உண்ணியைக் குறிக்கும் சொல்.

முதலில் அந்த மருந்தை எடுத்து வைத்துவிடுங்கள். நாய்க்கும் மாட்டுக்கும் கொடுக்கிற ஐவர்மெக்டின் ஆமைக்கு விஷம். உடல் தளர்ந்து, மூச்சுவிட முடியாமல் செத்துப்போகும். மற்ற உண்ணி மருந்துகளும் ஆமை வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். ஓர் உண்ணியை விட அவசரத்தில் போடும் மருந்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

கையாலேயே எடுத்துவிடலாம். ஆமை காலை உள்ளே இழுத்துக்கொள்ளும், மல்லுக்கட்டாதீர்கள். கால் மட்டும் நனைகிற அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் விட்டால் பெரும்பாலும் தானே நீட்டும். அப்போது நுனி மெலிந்த இடுக்கியால், உப்பிய வயிற்றை விட்டுவிட்டு, தோலை ஒட்டியுள்ள வாய்ப்பகுதியைப் பிடித்து, முறுக்காமல் மெதுவாக நேரே இழுங்கள். எண்ணெய், நெருப்பு எல்லாம் வேண்டாம். உண்ணி வயிற்றிலுள்ளதைக் கடிவாயிலேயே கக்கிவிடும். நகத்தால் நசுக்கவும் கூடாது. கடிவாயில் நீர்த்த போவிடோன் அயோடின் தடவி, கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

சரி, ஆபத்து? ஒன்றிரண்டு உண்ணியால் வளர்ந்த ஆமைக்குப் பெரிதாக எதுவும் ஆகாது. நிறைய ஒட்டினால், அதுவும் குட்டி என்றால், இரத்தசோகை வரும். கடித்த இடம் புடைக்கிறதா என்று பாருங்கள். ஆமைக்குச் சீழ் வடியாது, பனீர் மாதிரி இறுகிவிடும். மருத்துவர் கீறித்தான் எடுக்க வேண்டும்.

பிடுங்கியதைக் கூண்டிலேயே போட்டுவிடாதீர்கள். ஹீமோலிவியா என்ற இரத்த ஒட்டுண்ணி, ஆமை உண்ணியை விழுங்கினால்தான் தொற்றும். ஸ்பிரிட் ஊற்றிய சிறு பாட்டிலில் போட்டு வைத்தால் மருத்துவரிடம் காட்டவும் உதவும்.

வீட்டில் ஆடு மாடு இருந்தால் கூடுதல் கவனம். ஆப்பிரிக்க ஆமைகளில் ஒட்டும் சில உண்ணிகள் கால்நடைகளைக் கொல்லும் ஹார்ட்வாட்டர் நோயைப் பரப்பக்கூடியவை. அதனால்தான் 2000இல் அமெரிக்கா சிறுத்தை ஆமை, சல்காட்டா உள்ளிட்ட மூன்று வகைகளின் இறக்குமதியைத் தடைசெய்தது.

அப்புறம், இரத்தம் குடித்து விழுந்த பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கூண்டில் பரப்பியதை எல்லாம் மாற்றுங்கள். சில வாரங்களுக்குக் கழுத்து மடிப்பு, வாலடி, ஓட்டுத் தகடுகளின் இடுக்கு எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.