மைட்டாசிஸ் படிப்பதால் மதிப்பெண்ணைத் தவிர வேறு என்ன பயன்?

பதினோராம் வகுப்பு மாணவர் என்று நினைக்கிறேன். ஒரு செல் இரண்டாகப் பிரியும் அந்த நிகழ்வின் நான்கு நிலைகளின் பெயர்களை ஒப்பித்து அலுத்துப்போய்த்தான் இப்படிக் கேட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டுக்கு இந்தப் பாடம் சோறு போட்டிருக்கிறது. அதனால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூலனூர்ப் பக்கம் எங்களுக்குக் கண்வலிக்கிழங்கு விவசாயம். மாநில மலரான செங்காந்தள்தான் அது. அதன் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் வளைந்து நிற்பதால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. பூக்கும் பருவத்தில் வெயில் ஏறுவதற்குள் ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் தொட்டு வைப்போம். விதை எதற்கு என்று கேட்டால், "மருந்துக்கு" என்பதோடு வியாபாரி நிறுத்திக்கொள்வார்.

கல்லூரியில் தாவரவியல் படித்தபோதுதான் விடை கிடைத்தது. செல் பிரியுமுன் தன் மரபுப்பொருளான டிஎன்ஏவை இரட்டித்துக்கொள்கிறது. பிறகு அதைச் சுமக்கும் குரோமோசோம்கள் சுருண்டு தடித்து நடுவில் வரிசையாக நிற்க, இரு துருவங்களிலிருந்தும் வரும் கதிர் இழைகள் அவற்றைப் பற்றிச் சமமாகப் பிரித்து இழுக்கின்றன. டியூபுலின் என்ற புரதத்தால் ஆன இழைகள் அவை. எங்கள் விதையிலுள்ள கோல்சிசின் என்ற வேதிப்பொருள் அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இழை உருவாவதையே தடுத்துவிடும். குரோமோசோம்கள் பிரியாமல் நின்றுவிடும். நின்றால்தானே எண்ண முடியும்! மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தார்கள். சுவீடனின் லுண்ட் நகரில் சியோ, லெவான் என்ற இரு ஆய்வாளர்கள் செல்களைக் கோல்சிசினால் நிறுத்தி எண்ணி, 46தான் என்று 1956இல் காட்டினார்கள்.

'கோல்சிசின் கவுட் மூட்டுவலிக்குத்தானே' என்று யாராவது திருத்த வருவார்கள். உண்மைதான். நச்சுத்தன்மை அதிகம் என்பதால் புற்றுநோய்க்கு அதைக் கொடுப்பதில்லை. ஆனால் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் அதே இழைகளைத் தடுத்துத்தான் புற்றுநோய்ச் செல்களைப் பெருகவிடாமல் செய்கிறது.

என் சித்திக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது மருந்துச் சீட்டில் அந்தப் பெயர் இருந்தது. சீப்பில் கொத்தாக முடி வந்ததும், நோய் முற்றிவிட்டது என்று அழுதார். மருத்துவமனையில் யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. "சித்தி, வேகமாகப் பிரிகிற செல்லையெல்லாம் இந்த மருந்து அடிக்கும். முடியின் வேரில் இருப்பதும் அப்படிப்பட்ட செல்தான். சிகிச்சை முடிந்ததும் அது மறுபடி பிரியும், முடி முளைக்கும்" என்று நான்தான் சொன்னேன். முளைத்தது. காயம் ஆறுவதும் குழந்தை வளர்வதும் இதே பிரிதலால்தான். இதைவிடப் பெரிய பயன் எனக்குத் தெரியவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். உலகமெங்கும் மருந்தாகப் போகும் இந்த விதைக்கு எங்கள் ஊரில் விலை வைப்பது வியாபாரிதான். அறுவடை நேரம் பார்த்து இறக்குவார்கள். கடன் வாங்கிக் கிழங்கு நட்டவர் பேரம் பேச முடியாமல் கொடுத்துவிட்டு வருவார். அரசு ஒரு ஆதார விலை அறிவித்தால் என்ன?